நூல் யாரைச் சுட்டுகிறது?

நூல்களைக் கற்பதனால் மனிதன் மேம்படுகிறானா என்னும் கேள்வி, கற்றவர்களே காலந்தோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு வந்திருக்கும் கேள்வியாகும். எழுத்தறியாத உழவனுக்கு இந்த ஐயம் எழுவதில்லை. அவன் தன் பிள்ளையை எப்பாடுபட்டேனும் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும் என்றே தவிக்கிறான். கால் பட்ட புத்தகத்தைப் பதறியெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், சரஸ்வதி பூஜையன்று ஏடுகளை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குவதும் நம்மவர் வழக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எள்ளி நகைப்பதும் அதே நம்மவர் வழக்கமே. வேதாந்தமும் சித்தாந்தமும் வரிதோறும் கமழப் பாடிய தாயுமானவர், தாம் கற்ற கல்வியையே தம் வினையென்று நொந்துகொண்டு, ஏதும் கற்றறியாத எளியவரின் நிலையை ஏக்கத்தோடு நோக்கினார். கல்வியை இவ்வளவு போற்றிய ஒரு சமுதாயம், கற்றவர்களை இவ்வளவு ஐயுறவோடு நோக்கியதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருந்தே தீரவேண்டும். அக்காரணத்தைக் குறித்து, வாசிப்பதையே வாழ்நாளின் பெருஞ்சுகமாகக் கொண்டுவிட்ட ஒரு வாசகன் என்ற முறையில், என் மனத்தில் படிந்த சில எண்ணங்களை இங்கே எழுத முற்படுகிறேன்.

வானூர்ப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு இந்த விசாரணைக்கு வேண்டிய சாட்சிகள் வெகு தொலைவில் இல்லை. திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம், ஒழிந்தியாப்பட்டு என்று இப்போது வழங்கும் திருவரசிலி, சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரை ஆகிய மூன்று தலங்களும் இந்தத் தாலுகாவுக்குள்ளேயே அடங்குகின்றன. தெற்கே, பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் அடைக்கலம் புகுந்து கற்றும் எழுதியும் காலங்கழித்த புதுச்சேரி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சைவ சித்தாந்தத்தின் முதல் நூலாகிய சிவஞான போதம் தோன்றிய திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. கல்வியின் பயன் யாது என்று கேட்பவனுக்கு இவ்விடங்களுள் தலையாய விடையை வைத்திருப்பது திருவெண்ணெய்நல்லூரே என்பது என் துணிபு. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் முறையிட்டார் என்றும், பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்க, சம்பந்தர் திருவெண்காட்டின்மீது பாடிய பதிகம் எழுந்தது என்றும், அத்தலத்துக்குச் சென்று வழிபட்டதன் பயனாக ஓர் ஆண்மகவு பிறந்தது என்றும் சைவ மரபு கூறும். அக்குழந்தை மாமன் வீட்டில், திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று, மெய்கண்டார் என்னும் தீட்சாநாமத்தோடு, பால்மணம் மாறாத பருவத்திலேயே மாணவர் கூட்டத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கிற்று. ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் துறைபோயவர் என்னும் சிறப்பினால் அப்பெயர் பெற்ற சகலாகம பண்டிதர், தாம் ஏடு பார்த்துச் சொல்லிப் பிறந்த பிள்ளை தம்மை வந்து வணங்காமல் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறதே என்னும் மனத்தாங்கலோடு அங்கே சென்றார். அப்போது நடந்துகொண்டிருந்தது ஆணவ மலத்தைப் பற்றிய பாடம். ஆணவத்தின் சொரூபம் எத்தகையது என்று பண்டிதர் வினவினார். குழந்தை வாய் திறந்து ஒரு சொல்லும் கூறவில்லை. எதிரே நின்றவரைத் தலைமுதல் கால்வரை நோக்கி, விரலால் அவரையே சுட்டிற்று.

ஆணவத்தைப் பற்றி ஆகமங்கள் கூறும் அத்தனை இலக்கணமும் அந்தப் பெரியவருக்கு மனப்பாடம். அது எங்கே இருக்கிறது என்பது மட்டுமே அதுவரையில் தெரியாமல் இருந்தது. சுட்டிய விரலைக் கண்ட மாத்திரத்தில் அவர் சினந்து திரும்பியிருக்கலாம். பாண்டித்தியம் உடையவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அவரோ அக்குழந்தையின் காலில் விழுந்து, அருள்நந்தி என்னும் பெயரைப் பெற்று, மாணவர்களுள் ஒருவரானார். இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் வழக்கமாக இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பின் நிகழ்ந்ததே முக்கியமாகத் தோன்றுகிறது. அருள்நந்தியார் தாம் கற்ற ஆகமங்களை ஆற்றில் எறிந்துவிடவில்லை. பன்னிரண்டே சூத்திரங்களில், நாற்பதே அடிகளில் அமைந்த சிவஞான போதத்தை விரித்துச் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை இயற்றியவர் அவரே. அந்நூலின் பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி மறுப்பதற்கு, அவர் முன்பு கற்றிருந்த அத்தனை கல்வியும் வேண்டியிருந்தது. கல்வி அதேதான், அதை உடையவன் தான் என்னும் எண்ணம் மட்டுமே அகன்றது.

நூல் கற்பிக்கும் வாழ்க்கைப் பாடம் எத்தகையது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. நல்ல நூல் ஒவ்வொன்றும் ஒரு விரலை நீட்டுகிறது. அவ்விரல் தன்னையே சுட்டுவதை அறிகிறவன் கற்றவன். அதைப் பிடித்து அயலான் பக்கம் திருப்பிவிடுகிறவன் எத்தனை நூல்களை ஓதியிருந்தாலும் கல்லாதவனே.

இந்தத் திருப்பிவிடும் வித்தையில் நாம் எல்லோரும் தேர்ந்தவர்களாகவே இருக்கிறோம். திருக்குறளில் புறங்கூறாமை என்னும் அதிகாரத்தை எடுத்துப் படித்தால், இரண்டாவது குறளை முடிப்பதற்குள் நமக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய முகம் கண்முன் வந்து நிற்கிறது. அழுக்காறாமையைப் படித்தால் உறவினர் ஒருவர் வருகிறார். வெஃகாமையைப் படித்தால் வரப்பைத் தள்ளிப் போட்ட அடுத்த நிலத்துக்காரர் வருகிறார். அரசுப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும் குறளை அறுபது பேர் படிக்கிறார்கள். அது தம்மைத் தவிர ஏனைய ஐம்பத்தொன்பது பேருக்கும் மிகவும் பொருத்தமானது என்று அவர்களில் ஒவ்வொருவரும் உள்ளூர எண்ணிக்கொள்கிறார்கள். வள்ளுவர் மீது இதில் குற்றம் இல்லை. அவர் எந்த மனிதனுடைய பெயரையும், எந்த ஊரின் பெயரையும் சொல்லாமல் எழுதியது, படிப்பவன் தன் பெயரையே அங்கே இட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே போலும்.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் இந்த உண்மை பொதிந்திருக்கிறது. நிலைத்த அறிவுடையவனுடைய இலக்கணம் யாது, அவன் எவ்வாறு பேசுவான், எவ்வாறு இருப்பான், எவ்வாறு நடப்பான் என்று அர்ச்சுனன் கேட்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால், ஞானியை அடையாளம் கண்டுகொள்வதற்கு ஒரு பரீட்சை கேட்பது போலவே இருக்கிறது. இன்ன மடத்துச் சுவாமி உண்மையான துறவிதானா என்று தெரிந்துகொள்வதற்காக அப்பகுதியைப் படிக்கிறவர்களும் உண்டு. ஆனால் சங்கரர் தம் பாஷ்யத்தில், முற்றுப்பெற்றவனிடம் இலக்கணங்களாகக் காணப்படுபவை எவையோ, அவையே முயல்கிறவனுக்குச் சாதனங்கள் என்று உரைத்தார். பிறனை அளப்பதற்கென்று நாம் கையில் எடுத்த கோலை, ஒரே வாக்கியத்தில் நம்மை அளக்கும் கோலாக மாற்றிக் கொடுத்துவிட்டார் அவர்.

விரல் வேறு திசையில் திரும்பினால் என்ன நேரும் என்பதற்கு இரும்பை மாகாளத்துக் கர்ணபரம்பரைக் கதை ஒன்று சான்றாக இருக்கிறது. அவ்வூரில் அரசமரத்தடியில் கடுவெளிச் சித்தர் தவம் இயற்றியதாகவும், மழை பொய்த்த காரணத்தை அவருடைய தவத்தின்மேல் ஏற்றிய அரசன், ஒரு தேவதாசியைக் கொண்டு அத்தவத்தைக் கலைத்ததாகவும், பின்பு கோயில் விழாவில் அவள் ஆடும்போது கழன்று விழுந்த சிலம்பைச் சித்தரே எடுத்து அவள் காலில் அணிவித்ததாகவும் சொல்லுகிறார்கள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். துறவி எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அவர்கள் எல்லோரும் கற்றும் கேட்டும் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு முழுவதையும் அவரை ஏளனம் செய்வதற்கே பயன்படுத்தினார்கள். சித்தரும் பொறுக்கமாட்டாமல் சினந்து பாட, கருவறையிலிருந்த லிங்கம் மூன்றாக வெடித்துச் சிதறியது என்றும், அரசன் மன்றாடியபின் அவர் மனமிரங்கிப் பாடவே துண்டுகள் ஒன்றுசேர்ந்தன என்றும் கதை முடிகிறது.

கடுவெளிச் சித்தர் பாடியதாக வழங்கும் பாடல்களுள், நந்தவனத்து ஆண்டியைப் பற்றிய ஒன்று தமிழறிந்த எல்லோருக்கும் தெரியும். பல மாதம் குயவனிடம் வேண்டிப் பெற்றுவந்த தோண்டியைக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்த அந்த ஆண்டியை, சிறுவயதில் கேட்டவர்கள் வேடிக்கைக்காரனாகவே அறிந்திருப்பார்கள். வயது ஏற ஏற, தோண்டி என்பது இந்த உடம்பென்றும், குயவன் என்பவன் படைத்தவனென்றும் பெரியோர் சொல்லக் கேட்கிறோம். அப்போதும், குடித்தும் சூதாடியும் கெட்டுப்போன யாரோ ஒருவனே ஆண்டியாகத் தோன்றுகிறான். நரை கண்டபின் ஒருநாள் அந்த ஆண்டிக்கு நம்முடைய முகமே வாய்த்துவிடுகிறது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தோண்டியைப் போட்டுடைக்காதே என்று பாடியவரே சினம் வந்த கணத்தில் தெய்வத் திருமேனியைச் சிதறச் செய்தார் என்று அந்தக் கதை கூறுவதை, பாடலோடு சேர்த்து நோக்கும்போது எனக்கு அச்சமே உண்டாகிறது. எழுதியவனுக்கும்கூடத் தன் எழுத்தின் விரலிலிருந்து விலக்கு இல்லை.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நான்கு படிகளைச் சைவ சித்தாந்தம் வகுத்தது; வேதாந்திகள் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று மூன்றாகக் கூறுவார்கள். எப்படிக் கூறினும், நூலால் ஆவது முதற்படி ஒன்றே. மற்றவை படிப்பவனுடைய உழைப்பு. முதற்படியிலேயே நின்றுவிட்ட கல்வியை நினைக்கும்போதெல்லாம், திருவக்கரையில் செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்கள் என் நினைவுக்கு வருகின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் சாய்ந்து மணலில் புதைந்த அம்மரங்களில், மரத்தின் அணுக்கள் இருந்த இடத்தைச் சிறிது சிறிதாகக் கல்லே நிரப்பிவிட்டது. வளையங்களும் கணுக்களும் அப்படியே இருக்கின்றன. உயிர் ஒன்றுதான் இல்லை. மேற்கோள்களும் அதிகார முறைகளும் பாடபேதங்களும் பிசகாமல் நினைவில் நிற்க, இரக்கம் மட்டும் வற்றிப்போன புலமையும் அத்தகையதே.

இனி, எழுத்தறியாதவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கல்லாமையைப் பற்றிப் பாடிய வள்ளுவர், அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களைக் கண்டவர்கள் அந்த வைப்புமுறையின் அருமையை அறிவார்கள். பகலில் வில்லிபாரதத்தைப் படித்துப் பிரசங்கியார் பொருள் சொல்ல, இரவில் அதே கதை கூத்தாக நடக்க, படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவுபெறும் அவ்விழாவில், ஏட்டைத் தொட்டும் அறியாத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு மகா காவியத்தை முழுவதும் கற்றுவிடுகிறார்கள். கண்ணன் தூது சென்று, நாடு இல்லையாயின் ஐந்து ஊர், ஊர் இல்லையாயின் ஐந்து வீடு என்று இறங்கி இறங்கிக் கேட்கும் இடம் வரும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டி நிமிர்ந்து கிடக்க, அவன் மனைவி பெருந்திருவாள் வந்து புலம்பும்போது, அதுவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பகைவனுடைய வீட்டிலும் ஒருத்தி அழுவாள் என்னும் அறிவு, தத்துவ நூல்கள் பலவற்றைக் கற்றவர்களுக்கும் எளிதில் வருவதன்று. அந்தப் பெண்கள் ஓர் எழுத்தும் படிக்காமல் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

நூலின் விரலை வேண்டுமென்றே வாசகன்மேல் திருப்பி எழுதியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். வள்ளலார் 1854-ஆம் ஆண்டில் வெளியிட்ட மனுமுறை கண்ட வாசகத்தில், கன்றை இழந்த பசுவின் துயரத்தை அறிந்த சோழ மன்னன், இத்துன்பம் நேர்வதற்கு நான் என்ன பாவம் செய்தேனோ என்று தன்னையே வினவத் தொடங்குகிறான். செய்திருக்கக்கூடிய பாவங்களின் நெடிய வரிசை ஒன்று தொடர்கிறது. ஒவ்வொன்றும் கேள்வியாகவே முடிகிறது. மன்னன் கேட்டுக்கொண்டு போகும்போது, படிக்கிறவன் சும்மா இருக்க இயலுவதில்லை; ஒவ்வொரு கேள்விக்கும் இல்லை என்றோ ஆம் என்றோ தன் நெஞ்சுக்குள் ஒரு விடை சொல்லிக்கொண்டேதான் அடுத்த வரிக்குச் செல்ல முடிகிறது. அவ்வாறு எழுதியவர் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது.

சில நூல்கள் வாழ்வின் ஓர் இக்கட்டில் அகப்பட்டபோதுதான் நம்மை நோக்கித் திரும்புகின்றன. இங்கிலாந்தில் பயின்று பன்மொழிப் புலமை பெற்றிருந்த அரவிந்தர், 1908-இல் கைதாகி அலிப்பூர்ச் சிறையின் தனியறையில் அடைக்கப்பட்டபோது, கீதையையும் உபநிஷதங்களையும் முன்போல் இலக்கியமாகப் படிக்க முடியவில்லை; அவை அவருக்கு அன்றாட அனுஷ்டானமாயின. விடுதலைபெற்று 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் புதுச்சேரியில் வந்து இறங்கியவர், முன்பு கல்கத்தாவில் இருந்தவர் அல்லர். காந்தியடிகள் 1904-இல் ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் செல்லும் ரயிலில் ரஸ்கினுடைய ஒரு சிறு நூலைப் படித்து, இரவெல்லாம் உறக்கமின்றி இருந்து, அதன்படியே வாழ்வை மாற்றிக்கொள்வதென்று தீர்மானித்து, ஃபீனிக்ஸ் குடியிருப்பை நிறுவினார். அந்நூல் பல்லாண்டுகளாக அச்சில் இருந்தது. பல்லாயிரம் பேர் படித்திருந்தார்கள். முதலாளிகளுக்கு ரஸ்கின் நல்ல சாட்டை கொடுத்தார் என்று பலரும் மகிழ்ந்திருப்பார்கள். காந்தியடிகளோ நாளை காலையில் நான் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். எல்லா நூல்களும் நம்மைச் சுட்டத்தான் வேண்டுமா, இன்பத்துக்காகவும் செய்தி அறிவதற்காகவும் படித்தல் ஆகாதா என்று கேட்கலாம். தாராளமாகப் படிக்கலாம், கம்பனை முதலில் சுவைக்காக அணுகாதவன் பின்பு எதற்காகவும் அணுகப்போவதில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் ஆதரவில் பிறந்த அந்தக் காவியத்தில், கும்பகருணன் அண்ணன் செய்வது அதர்மம் என்று தெளிவாக உணர்ந்தும், உண்ட சோற்றுக்கும் உடன்பிறப்புக்கும் கடன்பட்டுப் போர்க்களம் புகும் பகுதியைச் சுவைத்துப் படித்துக்கொண்டே போகிறவன், வீடணனும் இவனும் ஆகிய இருவருள் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று ஒரு கணம் திகைத்து நிற்கிறான். கவிதையின் விரல் வலிக்காமல் சுட்டுகிறது, அவ்வளவே வேற்றுமை.

மற்றொரு தடை இதனினும் வலியது. மனிதரைப் பிறப்பினால் சுட்டித் தாழ்த்திய நூல்களும் இந்த நாட்டில் உண்டே, சுட்டப்பட்டவன் அவற்றுக்கும் தலைவணங்க வேண்டுமா என்பது அது. வணங்கவேண்டியதில்லை, வணங்கவும் கூடாது. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளை ஆராய்ந்து காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்தது இதற்காகத்தான். நான் செய்ததைச் சுட்டும் நூல் எனக்கு ஆசான். நான் பிறந்ததைச் சுட்டும் நூல் மனித குலத்துக்கே பகை. சகலாகம பண்டிதரைச் சுட்டிய விரல் அவருடைய குலத்தைச் சுட்டவில்லை, அவருடைய செருக்கைச் சுட்டிற்று. ஆகையினாலேயே அது அவரை விடுவித்தது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் மேதை ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது. 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாகச் சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் தோன்றி, ஏடு தேடி அலைந்த காலம் போய், ஏடு நம்மைத் தேடி வரும் காலம் வந்துவிட்டது. இனி நாம் செய்யவேண்டுவது பெரிதொன்றும் இல்லை. ஆண்டுக்கு நூறு நூல்களைப் படித்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்வதை விடுத்து, ஏற்கெனவே படித்துவிட்டதாக எண்ணியிருக்கும் திருக்குறளை மீண்டும் எடுத்து, ஓர் அதிகாரத்தை மட்டும் நிதானமாகப் படிப்போமாக. அயலார் முகம் குறுக்கே வருமாயின் ஏட்டை மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடங்குவோமாக. யாருடைய முகமும் குறுக்கிடாமல், நம்முடைய பெயரை மட்டுமே இட்டு அந்தப் பத்துக் குறளையும் படித்து முடிக்கிற நாளில்தான், நாம் திருக்குறளைக் கற்கத் தொடங்கியிருக்கிறோம் என்று கொள்ளவேண்டும்.